ஒரே ஒரு அடி கேட்டவர்

"ஆசானே, ஆளைச் சாய்க்கப் படிக்க வந்தவன் நான். நீங்க ஆளை எழுப்பத்தான் சொல்லித் தாறிய."

பாக்கியதாஸ் இதை ஒரு கிழவரின் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே சொன்னார். கிழவர் கண்ணை மூடிச் சுகமாக முனகினார்.

"கொஞ்சம் மேல தேய்யும்," என்றார் ஆசான்.

ஆசான் தங்கநேசம் பாக்கியதாஸைவிட வயதில் ரொம்பச் சின்னவர். சந்தையில் பார்த்தால் "அண்ணே, சௌக்கியமா?" என்று நின்று விசாரிப்பார். களத்துக்குள் கால் வைத்துவிட்டால் அண்ணனும் கிடையாது, தம்பியும் கிடையாது. அவர் ஆசான். இவர் சீடர். நீர், வாரும், போம்தான்.

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில், ரப்பர் தோட்டத்துக்கு நடுவே ஓலை வேய்ந்த வர்ம அடிமுறைக் களம் அது. அங்கே ஒரு முறை உண்டு. அடிக்கக் கற்க வருகிறவர் முதலில் இளக்கக் கற்க வேண்டும். விலகிய மூட்டைப் பூட்ட வேண்டும். மயங்கியவனைத் தெளிய வைக்க வேண்டும். மரத்துப்போன கைக்கு உணர்வு கொண்டுவர வேண்டும். இதெல்லாம் கைவந்த பிறகுதான் அடி.

இந்த முறையை ஏற்படுத்தியது யார் என்று தெரியவில்லை. யாராக இருந்தாலும் பாக்கியதாஸுக்கு வாய்த்ததைப் போல ஒரு மச்சான் அவருக்கு இருந்திருக்க மாட்டான்.

"ஆசானே, ஒண்ணு கேக்கட்டா?"

"கேக்காண்டாம்ணா விடவா போறீரு?"

"ஒலகத்துல உள்ள சண்டை வித்தையில எது ஒசத்தி?"

ஆசான் பெருமூச்சு விட்டார். இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வேடத்தில் தினமும் வரும்.

தப்பு பாக்கியதாஸ் மேல் மட்டும் இல்லை. அவர் சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழிப்பவர். கிழித்து முடித்ததும் உள்ளே போய் இருட்டில் சாய்ந்து நின்றுகொள்வார். மூங்கில் நுனியில் நின்று வாள் வீசுகிறவர்கள், ஒற்றை விரலால் தொட்டு ஆளைச் சிலையாக்குகிறவர்கள், கண்ணால் பார்த்தே எதிரியை மண்டியிட வைக்கிறவர்கள் எல்லாரும் அவருக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி.

"உமக்கு எது பிடிக்கும்?"

"மரத்துக்கு மரம் பறந்து போய் அடிக்கியது."

"அந்தத் தென்னையில தேங்கா காய்ஞ்சு நிக்குது. பறந்து போய்ப் பறிச்சுப் போடும்."

"அது சினிமா, ஆசானே."

"அப்ப சினிமா இல்லாதத சொல்லும்."

"சிலம்பம்."

"கல்யாண வீட்டுக்குக் கம்போட போவீரா?"

"கராத்தே."

"உம்மை அடிக்க வாறவன் மொதல்ல குனிஞ்சு கும்பிட்டுட்டு வருவானா?"

"களரியில எம்பிச் சவுட்டுவாங்களே, அது?"

"வேட்டியிலயா?"

கிழவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. முழங்கால் வேறு ஆடியது. பாக்கியதாஸ் எண்ணெய்க் கிண்ணத்தை டங்கென்று கீழே வைத்தார்.

"உங்களுக்கு எல்லாம் கிண்டல்!"

"கிண்டல் இல்ல வேய். எல்லாம் நல்ல வித்தைதான், அததுக்கு உள்ள எடத்துல. உமக்கு எங்க வேணும்? யாரை அடிக்கணும்? அதச் சொல்லும்."

பாக்கியதாஸ் தலையைக் குனிந்துகொண்டார்.

அவர் மனைவி லில்லியின் அண்ணன் பெயர் அருளப்பன். ஊரில் பெரிய ஆள், குரலும் பெரிது. அவர் வீட்டுக் கல்யாணம் ஒன்றில் பாக்கியதாஸ் தெரியாமல் முதல் பந்தியில் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பக்கத்தில் முதல் பந்தி மாப்பிள்ளை வீட்டாருக்கு. யாராவது காதோடு சொல்லியிருந்தால் எழுந்திருப்பார். யாரும் சொல்லவில்லை. இலை போட்டு, சோறு வைத்து, பருப்பும் நெய்யும் ஊற்றிப் பிசையத் தொடங்கியபோது பின்னாலிருந்து ஒரு கை சட்டைக் காலரைப் பிடித்தது.

"தூக்கி நிறுத்திட்டான், ஆசானே. கையில பெசஞ்ச சோறு. கழுவவும் எடமில்ல, திங்கவும் வழியில்ல. அத்தன பேரும் பாத்துட்டு நிக்கியா. 'டிக்கெட் கிழிக்கியவனுக்கு மொத பந்தி கேக்குதோ'ண்ணு ஒரு சொல்லு வேற."

பந்தியில் உட்கார்ந்தவனை எழுப்புவதைவிடப் பெரிய அவமானம் நம் ஊரில் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. கிழவர்கூடச் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"இப்ப அவன் மவளுக்கு நிச்சயம் வருது. லில்லிக்குக் கூடப்பொறந்த அண்ணன் வீடு. போகணும்ணு ஒத்தக் கால்ல நிக்கா. நான் வராட்டா அவளும் போவ மாட்டாளாம். போனா அவன் கை திரும்பவும் எனக்க காலருக்கு வரும். வந்தா அந்தக் கை கீழ விழணும். ஒரே ஒரு அடி போதும், ஆசானே. வேற ஒண்ணும் கேக்கல்ல."

ஆசான் திரும்பி வாசல் பக்கம் பார்த்தார்.

"அங்க ஒரு அம்மா கணுக்கால் சுளுக்கோட இருக்கா. போய்ப் பாரும்," என்றார்.

பாக்கியதாஸ் போய்ப் பார்த்தார். வேறு என்ன செய்வது?

மறுநாள் ஒருவருக்குக் கழுத்துப் பிடிப்பு. அதற்கு மறுநாள் ஒருவருக்கு இடுப்பு. எண்ணெய் வாடை அவர் தோலுக்குள் போய்க் குடியேறிவிட்டது. டிக்கெட்டெல்லாம் எண்ணெய்யாக இருக்கிறது என்று கொட்டகை மேனேஜர் சத்தம் போட்டார்.

"சண்டை படிக்கப் போறியளா, வைத்தியம் படிக்கப் போறியளா?" என்று லில்லி கேட்டாள்.

"எனக்கே தெரியல்ல," என்றார் பாக்கியதாஸ்.

எரிச்சலில் ஒரு நாள் வழியில் நின்ற ஆடு ஒன்றைக் கண்ணால் பார்த்தே சாய்க்க முயன்றார். இமைக்காமல் பார்த்தார். ஆடும் இமைக்காமல் பார்த்தது. பிறகு அவர் கக்கத்தில் இருந்த சினிமா போஸ்டரை இழுத்துத் தின்றுவிட்டுப் போனது.

அந்த வாரம் ரப்பர் பால் வெட்டுகிற ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மேட்டிலிருந்து விழுந்து தோள் மூட்டு இறங்கியிருந்தது. ஆசான் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார்.

"நீரே பாரும்."

"நானா?"

"இல்ல, பறக்கியவன் எவனாவது வருவான். காத்திரும்."

பாக்கியதாஸ் தரையில் உட்கார்ந்தார். குதிகாலை அந்த ஆளின் கக்கத்தில் கொடுத்து, மணிக்கட்டைப் பிடித்து, மெல்ல இழுத்துத் திருப்பினார். அந்த ஆள் போட்ட சத்தத்தில் காக்காய்கள் பறந்தன. பாக்கியதாஸ் பயந்து பிடியை விட்டார். மறுபடி பிடித்து இழுத்தார். மூட்டு 'களக்' என்று உள்ளே போனது.

ஆசான் பாராட்டவில்லை.

"கத்தினதும் ஏன் விட்டீரு?"

"பாவமா இருந்துச்சு."

"விட்டதுனால அவனுக்கு ரெண்டு தடவ வலி. இனி விடாண்டாம்."

நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள் காலையில் பாக்கியதாஸ் களத்து நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். எண்ணெய்க் கிண்ணத்தைத் தொடவில்லை.

"இண்ணைக்கு அடி சொல்லித் தந்தாத்தான் எந்திரிப்பேன்."

"எந்திரியும் வேய்."

"மாட்டேன். என்ன வித்தை இது? கொட்டகையில ஒருத்தன் இடைவேளைக்கு முன்னால மலைக்குப் போறான், இடைவேளைக்குப் பின்னால எல்லாம் படிச்சிட்டு எறங்குகான். நான் இங்க மாசக்கணக்கா முழங்கால் தேய்க்கியேன்."

ஆசானுக்குப் பொறுமை போய்விட்டது. விறுவிறுவென்று வந்து, அவருடைய வலது மேற்கையில் இரண்டு விரலால் ஒரு குத்து விட்டார். பார்க்க ஒன்றுமே இல்லாத குத்து. பாக்கியதாஸின் கை ஈரத்துணி போல விழுந்தது.

வலியோடு அவருக்கு ஆனந்தமும் வந்தது. "இதுதான்! இதேதான், ஆசானே!"

"இளக்கும்."

இடது கையால் தடவி, அழுத்தி, தட்டி அவர் தன் கையைத் தானே மீட்டார்.

"இனி எனக்க கையில அடியும்."

அடித்தார். முதல் அடி தவறியது. அடுத்ததில் ஆசானின் கை தொங்கிவிட்டது. பாக்கியதாஸ் பதறிப்போய் அதையும் இளக்கினார்.

"கிட்டிச்சுல்லா?" என்றார் ஆசான், விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டே. "போம்."

கோபப்படாதே, பொறுத்துக்கொள் என்று ஆசான் ஒரு வார்த்தை புத்தி சொல்லுவார் என்று பாக்கியதாஸ் எதிர்பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அது பாக்கியதாஸுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

நிச்சயதார்த்தம் முடிந்த மறுநாள் அவர் களத்துக்கு வந்தார். இடது கன்னம் வீங்கியிருந்தது. வந்ததும் வராததுமாகத் தரையில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"எல்லாம் வீணாப் போச்சு, ஆசானே."

"காலரைப் பிடிச்சானா?"

"இல்ல. மொத பந்தி போட்டப்ப நான் வெளிய நின்னேன். அவன் வந்தா வரட்டும்ணு ரெண்டு விரலையும் தயாரா வச்சிட்டு நின்னேன்."

"வந்தானா?"

"எங்க வர? சாம்பார் அண்டாவைத் தூக்க ஆளு வாறதுக்குள்ள அவனே தூக்கினான். எல்லாம் அவன்தானே செய்யணும்! காலு வழுக்கிச்சு. அண்டா ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம்."

"வெந்துச்சா?"

"சாம்பார் தரையோட போச்சு. வலது தோளுதான் எறங்கிட்டு. கை தொங்குது. கெடந்து அலறுகான். மாப்பிள வீட்டுக்காரங்க எந்திரிச்சு நிக்கியா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவலாம்ணா இருந்த காரெல்லாம் ஆளைக் கூட்டியாரப் போயிருக்கு. நான் கிட்டப் போனேன். அந்த வலியிலயும் அவன் சொல்லுகான், 'டிக்கெட் கிழிக்கியவனைத் தொட விடாதீங்க'ண்ணு."

ஆசான் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "பொறவு?"

"உள்ளதச் சொல்லுதேன். அவனுக்க மறு கையைப் பாத்தேன், ஆசானே. சும்மாதான் கெடந்துச்சு. ஒரு குத்து போதும். யாருக்கும் தெரியாது. விழுந்ததுல ரெண்டு கையும் போச்சுண்ணு நினைப்பா."

"அடிச்சீரா?"

"லில்லி அவன் தலையை மடியில வச்சிட்டு என்னையே பாத்தா."

"கேட்டதுக்குப் பதில் சொல்லும்."

"எனக்குத் தெரியல்ல, ஆசானே! நான் ஒண்ணு நினைச்சிட்டு நிக்கியேன், எனக்க குதிகால் அவனுக்க கக்கத்துல போய் நிக்குது. மணிக்கட்டைப் பிடிச்சு இழுத்தேன். அப்பிடிக் கத்தினான். நான் விடல்ல."

"பூட்டிச்சா?"

"பூட்டிச்சு. சத்தம் பந்தி வரைக்கும் கேட்டுது."

"பொறவு?"

பாக்கியதாஸுக்கு மூக்கு நுனி சிவந்தது.

"பொறவு என்ன? எந்திரிச்சு உக்காந்தான். 'கொல்லவாலே பாத்தே'ண்ணு ஓங்கி விட்டான் கன்னத்துல. அத்தன பேரு முன்னால! மாப்பிளைக்க அம்மா சிரிக்கா. பந்தியில கெடச்சது போதாதுண்ணு இதும். அடிக்கத் தெரிஞ்சவன் அடிக்காம, அடி வாங்கிட்டு வந்து நிக்கியேன். இந்த வித்தையால எனக்கு என்ன பிரயோசனம்? சொல்லுங்க! இதுக்கு மரத்துல பறக்கியதே மேலு!"

ஆசான் எழுந்து அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தாடையைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"நல்ல அடி," என்றார்.

"எரியுது."

"நாலு விரலும் பதிஞ்சிருக்கு."

"நீங்களும் எண்ணிப் பாக்காதீங்க, ஆசானே."

"எந்தக் கையால அடிச்சான்?"

"இதென்ன கேள்வி? வலது கையாலதான், வேற எந்..."

பாக்கியதாஸ் பாதியில் நிறுத்திவிட்டார்.

ஆசான் கேட்டார்: "நல்லா ஓங்கினானா?"

பாக்கியதாஸ் வீங்கின கன்னத்தைத் தடவிப் பார்த்தார்.

"தலைக்கு மேல ஓங்கினான், ஆசானே," என்றார். சொல்லி முடிப்பதற்குள் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.