சூரை மீன் நீந்தி முடித்த கிண்ணம்

மீன் பேசினால் மனிதனுக்குப் புரிந்த அந்தக் காலத்தில், ஜப்பான் நாட்டுக் கடற்கரை ஒன்றில் மோசுகே என்ற படகுத் தச்சன் இருந்தான். மனைவி இறந்துவிட்டாள். மகள் கினு மட்டும்தான் அவனுக்கு உலகம். அந்தக் குழந்தை காய்ச்சலில் படுத்து, சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மீன் வாசம் பட்டாலாவது வாய் திறப்பாளோ என்று மோசுகே கடலுக்குப் போய்த் தூண்டில் போட்டான். கொழுத்த சூரை மீன் ஒன்று மாட்டியது.

"என்னை விட்டுடு அண்ணே. பொறந்ததிலேருந்து நான் ஒரு இடத்துல நின்னதே இல்ல. நின்னா எனக்கு மூச்சு போயிடும்," என்றது மீன்.

"என் பிள்ளை சாப்பிட்டுப் பல நாளாச்சு. வெறுங்கையோட நான் எப்படி வீட்டுக்குப் போவேன்?" என்றான் மோசுகே.

மீன் யோசித்தது. அதற்கும் குஞ்சுகள் இருந்தன. "சரி, கொண்டுபோ. ஆனா என்னைச் சும்மா தொங்கவிட்டுடாதே. உன் மக வயித்துக்குப் போற வரைக்கும் எனக்கு ஓட்டம் இருக்கட்டும்."

மோசுகே வாக்குக் கொடுத்தான். வீடு வந்ததுமே அந்த வாக்கை மறந்துபோனான். மீனை வேகவைத்து, மகள் கண் விழிக்கும் வரை கெடாமல் இருக்கட்டும் என்று அடுப்புக்கு மேலே கட்டிய நேரத்தில் குழந்தைக்கு ஜன்னி கண்டது. அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மகளின் தலைமாட்டை விட்டு நகராதவனுக்கு மீன் எங்கே ஞாபகம் வரும்? அது அடுப்புப் புகையிலேயே வாரக்கணக்கில் தொங்கியது.

காய்ச்சல் விட்டது. பசி மட்டும் வரவில்லை. மோசுகே மீனை இறக்கினான். கத்தி இறங்காத அளவுக்குக் கட்டையாகிக் கிடந்தது.

"உன்னை ஏமாத்திட்டேனே," என்று அழுதான்.

கட்டையைக் கண்டால் தச்சன் கை வேறெங்கே போகும்? இழைப்புளியை எடுத்து மீனைச் சீவினான். காகிதத்தைவிட மெலிதாக விழுந்த சீவல்களை, ஆவி பறக்கும் கஞ்சியின் மேல் தூவினான்.

சீவல்கள் நெளிந்தன. எழுந்து, வளைந்து, திரும்பின.

கினு எழுந்து உட்கார்ந்தாள். "அப்பா, இது நீந்துது."

"சாப்பிடு கண்ணு, ஆறிடும்."

"இருப்பா. அது நீந்தி முடிக்கட்டும்."

மகள் ஒரு வாய் சாப்பிடமாட்டாளா என்று ஏங்கியவன், இப்போது அவளோடு சேர்ந்து காத்திருந்தான். சீவல்கள் மெல்ல அடங்கின. கினு கிண்ணத்தை இரு கையாலும் தூக்கிக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள். பிறகு வெறும் கிண்ணத்தை அப்பாவிடம் நீட்டினாள்.

அன்று முதல்தான், காய்ந்த சூரையைச் சீவிச் சூடான சாப்பாட்டில் தூவினால் அது ஆடுகிறது. எவ்வளவு பசியோடு வந்தவனும், சாப்பிடும் குச்சிகளைக் கையில் பிடித்தபடி, அது அடங்கும் வரை சற்று நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறான்.