பெல்ட்டின் கடைசி முழம்

பரந்தாமன் பழைய கார் விற்கிறவன். அவன் வாயைத் திறந்தால் துருப்பிடித்த வண்டிகூடத் தங்கத் தேராகிவிடும். அவனிடம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வண்டி பார்க்க வந்தாள் நாகம்மா. பதினோரு வருஷமாக அடுக்குமாடிகளில் கார் கழுவுகிறவள்.

"ஒண்ணரை லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்கு, ஆனா வெள்ளத் தண்ணி பார்க்காத வண்டி," என்றான்.

மெக்கானிக்கைக் கூட்டி வரட்டுமா என்று கேட்டாள்.

"கார் கழுவுறவளுக்கு மெக்கானிக் ஒரு கேடா? பானட்டைத் தொடாதே. உள்ளே உட்கார்ந்து பாரு. குறை இருந்தா அட்வான்ஸைத் திருப்பித் தர்றேன். இல்லேன்னா வாயை மூடிக்கிட்டு வண்டியை எடு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நாகம்மாவுக்கு உச்சந்தலை வரைக்கும் சுர்ரென்று ஏறியது. உட்கார்ந்து சீட் பெல்ட்டை இழுத்தாள். அதை மாட்டாமல் இழுத்துக்கொண்டே போனாள். எப்போதும் உள்ளே சுருண்டே கிடக்கிற கடைசிப் பகுதியில் ஒரு முழத்துக்குக் காய்ந்த சேறு அப்பியிருந்தது.

சிரிப்பு நின்றது.

"அது... வெறும் தூசிம்மா."

"வெள்ளம் வடிஞ்ச வருஷம் நூறு கார்ல இந்தச் சேத்தைத் தேய்ச்சவ நான்! கழுவுறவள்னு கேவலமாப் பேசினியே, ஒழுங்காக் கழுவ ஒருத்தியை வெச்சிருந்தா இன்னிக்குத் தப்பிச்சிருப்பே. எடுய்யா என் அட்வான்ஸை!"