கணக்கில் வராத சத்தம்

அந்தக் காலத்தில் ஆற்றுச்சீமையும் மேட்டுச்சீமையும் சேர்ந்த ஒரு நாட்டைப் பரிதிவாணன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். நல்லவன்தான். ஆனால் பக்கத்து ராஜா எதைச் செய்தாலும் அதைவிடப் பெரிதாகத் தான் செய்தாக வேண்டும் அவனுக்கு. பக்கத்து நாட்டில் முரசுக் கோபுரங்கள் கட்டியிருக்கிறார்களாம். ஒரு கோபுரத்தில் சொல்லுக்கொரு குறியாக அடிக்கிற அடியை அடுத்த கோபுரம் வாங்கி அடிக்க, காலையில் கொடுத்த மனு மத்தியானத்துக்குள் அரண்மனைக்கு வந்துவிடுகிறதாம். கேள்விப்பட்ட பிறகு விடுவானா? நாடு முழுக்கக் கோபுரம் எழும்பியது. "இனிமேல் ஓலையும் வேண்டாம், ஆளும் வேண்டாம். யாருக்கு என்ன குறையோ முரசில் சொல்லட்டும்" என்று உத்தரவும் போட்டான்.

கோபுரங்களின் பொறுப்பை ஏற்றவர் தில்லைவிடங்கர். ராஜா தும்மினால்கூட "அடடா, என்ன தாளம்!" என்கிற ஆள். மந்திரி உமையாளைக் கண்டாலே அவருக்கு ஆகாது. அவள் பேசினால் ராஜா காதுகொடுத்துக் கேட்கிறாரே என்ற எரிச்சல்.

ஒரு பருவம் போனது. சபையில் தில்லைவிடங்கர் எழுந்தார்.

"மகாராஜா, ஆற்றுச்சீமையிலிருந்து முரசு ஓயவே இல்லை. படித்துறை வேண்டும், நாடகக் கொட்டகை வேண்டும், குளத்தில் தாமரை வேண்டும் என்று கேட்டபடி இருக்கிறார்கள். மேட்டுச்சீமையிலிருந்து ஒரு மனுகூட இல்லை. அங்கே எல்லாரும் பரம திருப்தி! ஆகவே அங்குள்ள நெற்களஞ்சியம் வீண். அதைக் காலிசெய்து ஆற்றுச்சீமைக்குக் கொடுத்துவிடலாம்."

"பேஷ்! நாளைக்கே வண்டி கட்டுங்கள்" என்றான் ராஜா.

உமையாளுக்கு மேட்டுச்சீமையின் நிலை தெரியும். போன மாதம்தான் மேட்டுச்சீமைக்குப் போய் வந்திருந்தாள். அங்கே மழை பொய்த்திருந்தது. அந்தக் களஞ்சியத்தை நம்பித்தான் உலையே வைத்தார்கள். முறையிடலாமென்று கோபுரத்துக்குப் போனவர்களை, "முரசுக் குறியில் சொல்லத் தெரியுமா? தெரியாதென்றால் போ" என்று விரட்டியிருந்தார்கள். அந்தக் குறியைக் கற்றுக்கொடுக்கிற பள்ளியோ ஆற்றுச்சீமையில் இருக்கும் தலைநகரில் மட்டும்தான் இருந்தது.

அவள் எழுந்து நின்றாள்.

"வண்டி போகக் கூடாது, மகாராஜா."

"கூடாதா?" என்றான் ராஜா. "யாரிடம் பேசுகிறாய் என்று தெரிகிறதா?"

"தெரிந்துதான் பேசுகிறேன். அவர்கள் திருப்தியாக இல்லை. அவர்களுடைய பேச்சு இங்கே வந்து சேரவில்லை. அவ்வளவுதான்."

"மந்திரியம்மா சொல்வது அவர் அபிப்பிராயம்" என்று சிரித்தார் தில்லைவிடங்கர். "நான் சொல்வது முரசு சொன்னது."

"சரி. ஒரே ஒரு பகல் மகாராஜா மேட்டுச்சீமைக் குடியானவராக இருக்கட்டும். தோட்டத்துக் கோடி மண்டபத்தில் ஒரு முரசோடு தங்கி, வேண்டியதை முரசில் கேட்கட்டும். ஒரு மனு இந்தச் சபைக்கு வந்து சேர்ந்தாலும் என் முத்திரை மோதிரத்தைக் கழற்றி வைத்துவிடுகிறேன். வராவிட்டால் வண்டி நிற்க வேண்டும். ஐயா, அங்கே உள்ள அதே விதிதானே ராஜாவுக்கும்?"

"விதி எல்லாருக்கும் ஒன்றுதான்!" என்று நெஞ்சை நிமிர்த்தினார் தில்லைவிடங்கர். "மகாராஜாவுக்குத் தெரியாத குறியா?"

ராஜாவுக்குக் குறியில் ஓரெழுத்தும் தெரியாது. அதை அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வான்? மீசையை முறுக்கிக்கொண்டு, "எனக்கா தெரியாது?" என்று ஒப்புக்கொண்டான்.

மறுநாள் காலை ராஜா மண்டபத்துக்குப் போனான்; இங்கே சபை கூடியது. உமையாள் தன் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். ராஜா கோபத்தில் தலையை வாங்கினாலும் வாங்குவான். போகட்டும், வண்டி நின்றால் போதும் என்று நினைத்துக்கொண்டாள்.

உச்சி வெயில் ஏறியது. "மண்டபத்திலிருந்து ஏதாவது வந்ததா?" என்று கேட்டாள்.

"ஒன்றுமில்லை. மகாராஜா பரம சௌக்கியம்" என்றார் தில்லைவிடங்கர்.

அந்த நேரம் பார்த்துத் தோட்டப் பக்கமிருந்து தடதடவென்று ஒரு சத்தம். முரசின் தோல் கிழிகிற மாதிரி யாரோ போட்டு அறைந்தார்கள்.

"அது என்ன ஐயா?" என்றாள் உமையாள்.

"அது குறியில் இல்லை. குறியில் இல்லாத சத்தம் கணக்கில் வராது."

"அப்படியானால் ராஜாவுடைய சாப்பாட்டை அனுப்பலாமா?"

"கேட்காதவருக்கு எதற்குச் சாப்பாடு? இங்கே பாட்டுக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்குப் போடச் சொல்லுங்கள்."

"ராஜாவுக்குப் பசிக்காதா?"

"பசித்தால் கேட்டிருப்பாரே!"

"யாரடா அவன், எனக்குப் பசியில்லை என்றவன்?"

வாசலில் ராஜா நின்றான். தலைப்பாகை அவிழ்ந்து, வெயிலில் முகம் கறுத்து, கையில் முரசுக்கோலோடு. "நான் அடித்த அடி பக்கத்து நாட்டுக்கே கேட்டிருக்கும்! உமக்குக் கேட்கவில்லையா? என் சோற்றைப் பாட்டுக்காரனுக்கா போடச் சொன்னீர்?"

தில்லைவிடங்கர் எழுந்து கைகூப்பினார். "விதி, மகாராஜா... எல்லாருக்கும் ஒன்று..."

ராஜா உமையாள் பக்கம் திரும்பினான். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை.

"ஒருவேளைச் சோற்றுக்கு இந்தக் கோபம் வருகிறதே, மகாராஜா. அங்கே குழந்தைகள் இருக்கிறார்கள்."

ராஜா முரசுக்கோலைக் கீழே வைத்தான். பிறகு தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவளிடம் நீட்டினான்.

"மாலை இருக்கட்டும். முதலில் வண்டியை அவிழ்க்கச் சொல்லுங்கள். கோபுரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கிருந்து முரசு வரவில்லையோ அங்கேதான் முதலில் ஆள் போக வேண்டும். மக்கள் தங்கள் பேச்சில் சொல்லட்டும். குறியாக மாற்றுவது முரசுக்காரன் வேலை."

அப்படியே நடந்தது. குறிப்பள்ளியும் மேட்டுச்சீமைக்குப் போனது. அங்கே முதல் மாணவராகத் தில்லைவிடங்கரை உட்கார வைத்தான் ராஜா. குறியை அல்ல, மேட்டுச்சீமைப் பேச்சைக் கற்றுக்கொள்ள.

சில நாளில் மேட்டுச்சீமையிலிருந்து முதல் முரசு வந்தது. கேட்டு எழுதியவன் வாசிக்கப் பயந்தான்.

"வாசி" என்றான் ராஜா.

"'எங்கள் நெல்லில் கை வைக்கச் சொன்னது எவன்? இங்கே வந்து பதில் சொல்லச் சொல்' என்கிறார்கள், மகாராஜா."

ராஜா மந்திரியைப் பார்த்தான். "இதற்கு யார் போவது?"

"கை வைக்கச் சொன்னவர்" என்றாள் உமையாள்.

ராஜா தன் குதிரையைக் கொண்டுவரச் சொன்னான்.