அவரவர் துறைத் தண்ணீர்

ஒரு காட்டின் நடுவே பெரிய குளம் ஒன்று இருந்தது. அதன் கிழக்குக் கரையில் நீலி என்ற நீர்நாய் தன் இரண்டு குட்டிகளோடு வாழ்ந்து வந்தது. தெற்குக் கரையில் கரியன் என்ற எருமையும் அதன் கூட்டமும் சேற்றில் புரண்டு கிடக்கும். மேற்குக் கரை பன்றிகளுடையது. வடக்குக் கரையில் நின்ற அத்திமரம் முழுக்கக் குரங்குகள்.

ஒரு கோடையில் குளத்து நீர் பச்சையாக மாறியது. மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்தன. நீலியின் குட்டிகள் வயிற்றுப்போக்கில் துவண்டு படுத்துவிட்டன.

நீலி பதறிப்போய் எருமையிடம் ஓடியது.

"கரியண்ணே! தண்ணீர் கெட்டுவிட்டதே, பார்த்தீர்களா?"

"பார்க்காமல் என்ன? என் கரையில் வாய் வைக்கவே முடியவில்லை. வடக்கே போய்த்தான் குடிக்கிறேன். எல்லாம் அந்தப் பன்றிகள் செய்கிற வேலை!"

"உங்கள் சாணமும் தண்ணீரில்தானே விழுகிறது?"

"எவ்வளவு பெரிய குளம்! நான் ஒருவன் போடும் சாணமா அதைக் கெடுத்துவிடும்?" என்று கரியன் மறுபக்கம் புரண்டு படுத்தது.

நீலி பன்றியிடம் போனது. பன்றி ஒரு கிழங்கை மென்றுகொண்டிருந்தது. அழுகிய பாதியை மூக்கால் தண்ணீருக்குள் தள்ளிவிட்டுச் சொன்னது:

"குரங்குகளைப் போய்க் கேள்! பழத்தைக் கடித்துக் கடித்துக் குளத்தில் வீசுகின்றன. எல்லாம் புழுத்து மிதக்கிறது!"

"இப்போது நீங்கள் தள்ளியது?"

"இந்தத் துண்டா? இதை மீன் தின்றுவிடும்!"

அத்திமரத்தில் இருந்த குரங்கோ, கேள்வி முடிவதற்குள் கத்தியது. "எருமைகளை விரட்டு! குளம் தானாகத் தெளிந்துவிடும்!"

மறுநாள் எல்லா விலங்குகளும் கரையில் கூடின. கூடியதும் சண்டைதான். பன்றிகள் கோரைப்பல்லைக் காட்டின. எருமைகள் கொம்பைத் தாழ்த்தின. இன்னும் கொஞ்ச நேரம் போனால் ரத்தம் சிந்தியிருக்கும்.

நீலி ஒரு பாறைமேல் தாவி ஏறியது.

"நிறுத்துங்கள்! தன்னால் குளம் கெடவில்லை என்று ஒவ்வொருவரும் சொல்கிறீர்கள். நல்லது! அப்படியானால் இன்றுமுதல் அவரவர் தம் துறையிலேயே தண்ணீர் குடிக்கலாமே!"

குரங்கு பல்லைக் காட்டிச் சிரித்தது.

"முதலில் நீ குடி! உன் துறையில் மீன் தலையும் செதிலும் குவிந்து அழுகிக் கிடப்பதை நான் மரத்தின் மேலிருந்து தினமும் பார்க்கிறேன்!"

நீலிக்குத் தூக்கிவாரிப்போட்டது. மூன்று கரைகளையும் சுற்றிச் சுற்றிப் பார்த்த அது, தன் கரையைத் திரும்பிப் பார்த்ததே இல்லை. எல்லா விலங்குகளும் நீலியையே பார்த்தன. ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் நீலி நேராகத் தன் துறைக்குப் போனது. மிதந்த செதில்களை விலக்கிவிட்டு ஒரு வாய் குடித்தது.

குமட்டிக்கொண்டு வந்தது. விழுங்க முடியாமல் துப்பிவிட்டது.

"குரங்கு சொன்னது உண்மை! இந்தத் தண்ணீரைத்தான் என் குட்டிகளுக்குக் கொடுத்தேன். என்மேலும் தப்பு இருக்கிறது. இன்றே இதையெல்லாம் அள்ளிவிடுவேன். இனி உங்கள் முறை!"

இத்தனை சிறிய நீர்நாய் குடித்தபின் அத்தனை பெரிய எருமை எப்படி மறுக்கும்? கரியன் தன் துறையில் மூக்கை நுழைத்தது. உடனே தும்மிக்கொண்டு பின்வாங்கியது. "சீ! இதிலா நான் படுத்துக் கிடந்தேன்?"

பன்றி ஒரு மடக்குக் குடித்துவிட்டு, புல்லில் நாக்கைத் தேய்த்தபடி ஓடியது. குரங்கு ஒரே ஒரு விரலை நனைத்து நக்கியது. அதன் முகம் போன போக்கைப் பார்த்து அதன் குட்டிகளே சிரித்துவிட்டன.

அன்று மதியமே வேலை தொடங்கியது. பன்றிகள் குளத்தைவிட்டுத் தள்ளி ஒரு பள்ளம் தோண்டின. அதுவே எருமைகள் புரளும் இடமாயிற்று. அழுகிய கிழங்குகளைப் பன்றிகள் மண்ணில் புதைத்தன. குரங்குகள் தாழ்ந்த கிளைகளில் தொங்கியபடி மிதந்த பழங்களைப் பொறுக்கி எடுத்தன. நீலி மீன் தலைகளைத் தூரத்துப் பாறைக்கு இழுத்துச் சென்றது. காக்கைகள் அவற்றைத் தின்று தீர்த்தன.

கொக்கு ஒன்று மட்டும் முணுமுணுத்தது. "செத்த மீன் மிதக்காவிட்டால் நான் எதைத் தின்பேன்?"

"உயிருள்ள மீனைப் பிடித்துத் தின்!" என்றது நீலி.

மழை வந்தது. குளம் நிறைந்து தெளிந்தது. நீலியின் குட்டிகள் தெம்பாகி மீன் துரத்தத் தொடங்கின.

ஒரு நாள் அடுத்த காட்டிலிருந்து மான் கூட்டம் ஒன்று வந்தது. "இங்கே எந்தக் கரையில் தண்ணீர் நன்றாக இருக்கும்?" என்று தயங்கியபடி கேட்டது.

கரியன் தலையை நிமிர்த்தியது. "எந்தக் கரையிலும் குடிக்கலாம்! ஆனால் குடித்த இடத்தை அசுத்தம் செய்தால் என் கொம்புக்குப் பதில் சொல்ல வேண்டும்!"

பொதுத் தண்ணீரைக் கெடுத்தது யார் என்று கேட்பவர், முதலில் தம் துறைத் தண்ணீரைக் குடித்துப் பார்க்க வேண்டும்.