சோப்புப் படாத சீனச்சட்டி

தூத்துக்குடியில் ஜெசிந்தா என்று ஒரு மாஸ்டர் இருந்தாள். பினாங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பல வருஷம் நூடுல்ஸ் கிண்டிவிட்டு ஊர் திரும்பியவள். வீட்டு அடுப்படியிலேயே பெண்களுக்கு நூடுல்ஸும் காய் வதக்கலும் சொல்லிக்கொடுத்தாள். வயது முப்பத்துச் சொச்சம்தான். ஆனாலும் அவளைவிட மூத்தவர்களும் மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். கூப்பிடாவிட்டால் கரண்டியைப் பிடுங்கிக்கொள்வாள்.

அவளிடம் ஒரு சீனச்சட்டி இருந்தது. எண்ணெயும் தீயும் ஏறி ஏறிக் கறுத்துப்போன இரும்புச் சட்டி. வெந்நீர் விட்டு அலசி, அடுப்பிலேயே காயவைத்து, எண்ணெய் தடவி வைப்பாள். சோப்பை மட்டும் கண்ணில் காட்டக் கூடாது.

"சோப்புப் போட்டா அந்தக் கறுப்பு போயிரும். கறுப்பு போனா ருசி போச்சு. அப்புறம் நானும் பினாங்குக்கே போயிருவேன்," என்பாள். சிஷ்யைகள் சிரிப்பார்கள்.

வளர்மதி என்று ஒருத்தி புதிதாகச் சேர்ந்தாள். காய் நறுக்குவதில் கெட்டிக்காரி. ஆனால் அடுப்பைப் பற்றவைத்ததும் கை நடுங்கும். தீயைக் குறைத்துக்கொண்டே வருவாள். நூடுல்ஸ் குழைந்து கூழாகிவிடும்.

ஒருநாள் மற்றவர்கள் போன பிறகு அவள் கேட்டாள்.

"மாஸ்டர், பயம் போறதுக்கு என்ன வழி?"

"தீயைப் பாத்தா பயமா?"

"தீயில்ல. எங்க வீட்டு ஆதிரை."

ஆதிரை அவள் கணவனின் முதல் தாரத்து மகள். தாய் இறந்த பிறகுதான் வளர்மதி அந்த வீட்டுக்கு வந்தாள். கணவன் லாரி ஓட்டுகிறவன், பாதி நாள் வெளியூர். பிள்ளைக்கு எட்டு வயது. இறால் ஆகாது. ஒரு கல்யாண வீட்டில் ஃப்ரைட் ரைஸில் கிடந்த இறாலைத் தின்றுவிட்டு, உதடு வீங்கி, தொண்டை அடைத்து, மூச்சுக்குத் தவித்தது. தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவள் வளர்மதிதான்.

"அதுலேர்ந்து இட்லியும் தயிர்ச்சோறும்தான் குடுக்கேன். அவ நூடுல்ஸ் கேட்டு அழுவுதா. எனக்குக் கை வரல."

"ஒரு தடவை நடந்துச்சுன்னா, எப்பவும் நடக்குமாக்கா?"

"அவ செத்துருவாளோன்னு ஒரு பயம் மாஸ்டர். சித்திக்காரி கொன்னுட்டான்னு சொல்லிருவாங்களோன்னு இன்னொரு பயம். சில நேரம் ரெண்டாவதுதான் முதல்ல வருது. அதை நினைச்சா என்னையே எனக்குப் பிடிக்கல."

மாஸ்டர் அடுப்பை முழுசாகத் திருகிவிட்டாள். தீ சட்டியைச் சுற்றி எழுந்தது. ஒரு கை கோஸை அள்ளிப் போட்டு, சட்டியை நாலு உலுக்கு உலுக்கித் தட்டில் கொட்டினாள்.

"இதுக்குள்ள பயப்பட எங்க நேரம் இருந்துச்சு?"

வளர்மதி ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுப் பார்த்தாள்.

"பயத்தை வாசல்லயே விட்டுட்டு வாங்கக்கா. அடுப்படியில அதுக்கு இடம் கிடையாது."

நல்ல வார்த்தைதான். கேட்கிற யாருக்கும் பிடித்துப்போகும். வளர்மதிக்கும் பிடித்துப்போனது.

ஆதிரையின் பிறந்தநாள் வந்தது.

"பிள்ளையை இங்க கூட்டிட்டு வாங்க. என் அடுப்புல, என் சட்டியில, நீங்களே கிண்டிக் குடுங்க," என்றாள் மாஸ்டர்.

கோஸ், கேரட், பீன்ஸ், முட்டை. அவ்வளவு போதும் என்றாள் வளர்மதி. மீன் சாஸை எடுத்து அடுத்த அறையில் வைத்தாள். சோயா சாஸ் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் படித்தாள். நூடுல்ஸ் பாக்கெட்டையும் படித்தாள்.

"பரீட்சைக்கா படிக்கீங்க? போதும், அடுப்பைப் பத்தவையுங்க."

அன்று அவள் கை நடுங்கவில்லை. தீயைக் குறைக்கவும் இல்லை. நூடுல்ஸ் ஒன்றோடொன்று ஒட்டாமல், லேசாகத் தீய்ந்த வாசனையோடு வந்தது. ஆதிரை தட்டைப் பார்த்தாள், சித்தியைப் பார்த்தாள்.

"நெஜமாவே எனக்கா?"

முள்கரண்டியில் சுற்ற ஆரம்பித்தாள்.

மாஸ்டர் பூரித்துப்போனாள். "பாத்தீங்களாக்கா? நேத்து இதே சட்டியில இறால் போட்டு நான் கிண்டுனேன். அதுகூட இவ்வளவு பதமா வரல."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது மாஸ்டருக்கே உறைத்தது. இரண்டு பேரும் சட்டியைப் பார்த்தார்கள். நேற்று இறால் வெந்த எண்ணெய் அதில்தான் ஊறிக் கிடந்தது.

வளர்மதி பிள்ளையின் கையைத் தட்டிவிட்டாள். தட்டு தரையில் விழுந்தது.

ஆதிரை வீறிட்டு அழுதாள். "எனக்கு நல்லது எதுவுமே குடுக்க மாட்டீங்க. நீங்க ஒண்ணும் எங்கம்மா இல்ல."

அது வளர்மதியின் காதில் விழுந்தது. நின்று வருத்தப்படத்தான் நேரமில்லை. பிள்ளையின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். வாயைத் துடைத்தாள்.

"உள்ள போச்சாட்டி? ஒரு இழையாவது போச்சா? சொல்லு."

பிள்ளை கோபத்தில் வாயைத் திறக்கவில்லை.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மாஸ்டரும் ஏறிக்கொண்டாள். டாக்டர் பார்த்துவிட்டு, இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை, சாயங்காலம் வரை இங்கேயே இருக்கட்டும் என்றார்.

வளர்மதி பிள்ளையின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் சிவந்த மாதிரி இருந்தது. அழுததால் சிவந்ததா, இல்லை அதுதானா? மூச்சு இழுத்தது. விம்மலா, அதுவா? எதுவும் புரியவில்லை. புரியாமல் உட்கார்ந்திருப்பதைவிடக் கொடுமை வேறில்லை. ஊர் என்ன சொல்லும் என்கிற நினைப்பு அன்று அவளுக்கு வரவே இல்லை.

"சித்தி, நான் செத்துருவேனா?"

"மாட்ட."

"அப்ப ஏன் அழுவுதீங்க?"

வளர்மதி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து ஆதிரையே சொன்னாள்.

"நான் வாயில வைக்கவே இல்ல சித்தி."

சொல்லிவிட்டு அவள் மடியிலேயே தூங்கிப்போனாள். வளர்மதி நம்பினாள், நம்பாமலும் இருந்தாள். தூங்குகிற பிள்ளையின் மூக்கருகே விரலை வைத்து வைத்துப் பார்த்தாள். பெஞ்சின் மறுமுனையில் மாஸ்டர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்படியும் நடுக்கம் நிற்கவில்லை.

பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

அடுத்த வாரம் வளர்மதி மாஸ்டர் வீட்டுக்குப் போனாள். மாஸ்டர் குழாயடியில் உட்கார்ந்து சீனச்சட்டியைச் சோப்புத் தூள் போட்டு, கம்பி நாரால் தேய்த்துக்கொண்டிருந்தாள். நுரை கறுப்பாக ஓடியது. பாதிச் சட்டி வெளுத்துவிட்டது. பக்கத்தில் ஒரு புதுச் சட்டி, ஒட்டிய காகிதம்கூடப் பிரிக்காமல் இருந்தது.

"அது ஆதிரைக்கு. உங்க வீட்டுலயே இருக்கட்டும். இறாலோட காத்துகூட அதுல படக் கூடாது."

"அப்ப இதை ஏன் தேய்க்கீங்க?"

"இங்க வாறவங்க யார் வீட்டுப் பிள்ளைக்கு எது ஆகாதுன்னு நான் இதுவரை கேட்டதே இல்ல."

வளர்மதி அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"நான் வகுப்பை நிறுத்திக்கிடுதேன்னு சொல்லத்தான் வந்தேன் மாஸ்டர். பயத்தை விட்டுட்டு வர எனக்கு முடியல. இப்ப முன்னைவிட ஜாஸ்தியா இருக்கு."

மாஸ்டர் தேய்ப்பதை நிறுத்தினாள்.

"நிறுத்தாதீங்கக்கா. நான் அடுப்பைப் பத்தவைக்கும்போது பக்கத்துல வந்து நில்லுங்க. எனக்குப் பயம் பத்தாது."