விண்கல்லில் முளைத்த உயிர்

கையுறை கேட்டுக் கேட்டு இசக்கிக்கு வாய் ஓய்ந்துவிட்டது. வேற்றுக்கிரக உயிரைத் தேடும் ஆய்வகத்தில் அவள் கடைநிலை உதவியாளர். இயக்குநர் சாரங்கபாணிக்கோ வாசலில் அலங்கார வளைவு கட்டுவதுதான் அவசரம். விண்கல் வந்ததும் அதை வெறுங்கையால் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டார். அந்தக் கல்லின் மேல் பஞ்சால் தேய்த்தெடுத்ததைத் தடவி வைத்த கண்ணாடித் தட்டில் மஞ்சளாகக் கிருமி முளைத்தது.

"நாளைக்கு அமைச்சர் வர்றார். இது பூமியோட உயிர் இல்லைன்னு நீ நிரூபிக்கணும். முடியலைன்னா வேற வேலை பாத்துக்கோ" என்றார் இயக்குநர்.

இசக்கி பெருமூச்சு விட்டாள். கிருமி வளர்க்கும் புதுத் தட்டு ஒன்றை நீட்டி, "நீங்களே தொட்டுத் தொடங்கி வைங்க சார்" என்றாள். அவர் பெருமையாகக் கட்டைவிரலைப் பதித்தார்.

மறுநாள் அமைச்சர் முன்னால் இரண்டு தட்டுகளையும் வைத்தாள். இரண்டிலும் அதே மஞ்சள்.

"ரெண்டுமே வேற்றுக்கிரகத்து உயிர்தான். பூமியில இப்படி ஒண்ணு கிடையவே கிடையாது" என்று முழங்கினார் இயக்குநர்.

"இது கல்லுல வந்தது சார். அது நேத்து நீங்க கட்டைவிரல் வெச்ச தட்டு."

இயக்குநரோடு குலுக்கிய தன் கையை அமைச்சர் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "அப்போ இந்த ஆராய்ச்சியில முதல்ல செய்ய வேண்டியது என்னம்மா?"

"சோப்புப் போட்டுக் கை கழுவணும் ஐயா" என்றாள் இசக்கி, அலுப்போடு.