பொன்னலகி உடைத்த சுவர்

மலைக்காட்டில் ஒரு பெரிய குங்கிலிய மரம் இருந்தது. அதன் பொந்தில் பொன்னலகி என்ற இருவாச்சிப் பறவை முட்டையிடக் குடியேறினாள்.

இருவாச்சிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. பெண் பறவை பொந்துக்குள் போனதும் சேற்றையும் பழச்சக்கையையும் குழைத்து, உள்ளிருந்தபடியே வாசலில் சுவர் எழுப்பிவிடும். அலகு நுழைகிற அளவுக்கு ஒரு பிளவு மட்டும் விடும். அப்புறம் பாம்பு வராது, உடும்பு வராது. உள்ளே இருக்கும்போது அதனுடைய பழைய சிறகெல்லாம் உதிர்ந்து புதிது முளைக்கும். அதுவரை பறக்கவும் முடியாது. கணவன் கொண்டுவந்து ஊட்டுகிற பழம்தான் அதற்கு உயிர்.

பொன்னலகியின் கணவன் கொம்பன் கெட்டவன் இல்லை. முதல் மாதம் ஒரு நாளைக்குப் பத்து நடை பறந்தான். அத்தி, ஆல், நாவல் என்று தொண்டை நிறையக் கொண்டுவந்து ஊட்டினான். இரண்டு குஞ்சுகள் பொரித்தன.

"உங்களை மாதிரி யாருங்க வருவா!" என்று பூரித்துப் போனாள் பொன்னலகி.

அப்புறம்தான் ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு கூந்தல்பனையில் யாரோ கள்ளுக்கலயம் கட்டினார்கள். அங்கே ஒரு மரநாய் தவறாமல் குடிக்க வரும். பழம் தேடிப் போன கொம்பனை அது கூப்பிட்டது.

"வா மாப்ளே! இவ்வளவு தூரம் பறக்கிறியே, அலுப்புத் தீர வேணாமா? ஒரே ஒரு வாய்!"

கொம்பன் ஒரு வாய் குடித்தான். மறுநாள் இரண்டு வாய். அதற்கு மறுநாள் வாய்க்கணக்கு அவனுக்கே மறந்துவிட்டது. பத்து நடை ஐந்தாயிற்று. ஐந்து ஒன்றாயிற்று. அந்த ஒன்றிலும் அலகு காலியாக இருந்தது.

"என்னங்க, பழம் எங்கே?"

"வழியிலே விழுந்துருச்சு."

"நேத்தும் அப்படித்தானே சொன்னீங்க!"

"அதே இடத்துலதான் இன்னிக்கும் விழுந்துச்சு! அந்த இடமே சரியில்லை!"

பொன்னலகிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பிள்ளைகள் தலையில் சத்தியம் செய்யச் சொன்னாள். கொம்பன் செய்தான். இரண்டு நாள் சுத்தமாக இருந்தான். மூன்றாம் நாள் பனையில் போய் உட்கார்ந்துவிட்டான்.

விஷயம் கேள்விப்பட்டு மாமியார் இருவாச்சி பறந்து வந்தாள். பிளவில் வாயை வைத்து, "ஆம்பளைன்னா அப்படி இப்படித்தான் இருப்பான். வெளியிலே தெரிஞ்சா குடும்பத்துக்கே அசிங்கம். நீதாம்மா கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அங்கேதான் பொன்னலகி ஒரு தப்புச் செய்தாள். மெலிந்துபோன தன் முகத்தை யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று, இருந்த சக்கையைக் குழைத்து அந்தப் பிளவை இன்னும் குறுக்கிவிட்டாள்.

பக்கத்து மரத்தில் செவ்வந்தி என்ற மலையணில் இருந்தாள். குஞ்சுகள் பசியில் கத்துவதைக் கேட்டு ஓடி வந்தாள்.

"அக்கா! பிள்ளைங்க ஏன் இப்படிக் கத்துது? மாமாவைக் காணோமே?"

"அவருக்கு உடம்பு சரியில்லை."

"உடம்பு சரியில்லாதவரா பனை உச்சியிலே மரநாயோட சேர்ந்து பாட்டுப் பாடறாரு? காடே காதைப் பொத்திக்குது!"

"வாயை மூடு! அவர் என் புருஷன்!"

செவ்வந்தி தான் கொண்டுவந்த அத்திப்பழத்தைப் பிளவில் தள்ளிப் பார்த்தாள். பழம் நுழையவில்லை. உருண்டு கீழே போய் விழுந்தது. உள்ளே குஞ்சுகள் அந்த வாசனைக்கு வாயைத் திறந்தபடியே இருந்தன.

மறுநாள் காலையில் கொம்பன் தள்ளாடிக்கொண்டு வந்தான். நசுங்கிய ஒரு பழத்தைப் பிளவு வழியாக உள்ளே பிதுக்கினான். சின்னக் குஞ்சு தாவி அதை விழுங்கியது. கொஞ்ச நேரத்தில் அதன் தலை தொங்கிவிட்டது. கூப்பிட்டால் அசையவில்லை.

"என்னத்தைக் கொடுத்தீங்க?" என்று அலறினாள் பொன்னலகி.

"கள்ளுல ஊறின பழம்! பாரு, அழுகை நின்னுடுச்சா இல்லையா?" என்று கொம்பன் சிரித்தான்.

பொழுது சாயும்வரை குஞ்சு கண் திறக்கவில்லை. பொன்னலகி அதைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு மூச்சு வருகிறதா, மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒருவழியாக அது ஈனமாகக் கத்தியது. அந்தக் கத்தலைப் போல இனிமையான சத்தத்தை அவள் கேட்டதே இல்லை. அந்த நிமிஷமே அவள் மனசு முடிவு செய்துவிட்டது. இனி இவனோடு வாழ்க்கை இல்லை.

பிளவில் அலகை வைத்து உரக்கக் கூப்பிட்டாள். "செவ்வந்தி! நான் பொய் சொன்னேன்! அவர் குடிக்கிறார்! எங்களுக்குச் சாப்பாடு இல்லை!"

செவ்வந்தி ஒரே தாவலில் வந்து நின்றாள்.

"தெரியும்க்கா! முதல்ல பிளவைப் பெருசாக்கு!"

பொன்னலகி உள்ளிருந்து கொத்தினாள். செவ்வந்தி வெளியிலிருந்து சுரண்டினாள். பழம் உள்ளே போயிற்று.

அன்றிலிருந்து செவ்வந்தி கன்னம் புடைக்கப் புடைக்கப் பழம் சுமந்தாள். "இருவாச்சிக்கு ஊட்டுற அணிலாம்! எங்க கூட்டமே என்னைப் பார்த்துச் சிரிக்குது. சிரிக்கட்டும், பல்லுக்கு நல்லது!" என்பாள். பொன்னலகிக்குச் சிறகு முளைத்தது. ஒவ்வொரு இறகையும் கோதும்போது, 'இது செவ்வந்தி தந்த பழம்' என்று நினைத்துக்கொள்வாள்.

சிறகு வலுத்த அன்று சுவரை உடைத்தாள். "குடும்ப மானமே போச்சே!" என்று மாமியார் கூச்சல் போட்டாள். பொன்னலகி திரும்பிப் பார்க்கவில்லை. பாம்பு வராமல் இருக்கக் குஞ்சுகளே உள்ளிருந்து சுவரை மறுபடி பூசிக்கொண்டன. அதன்பிறகு பத்து நடையும் அவளே பறந்தாள்.

ஒரு நாள் கொம்பன் குடிக்காமல் வந்தான். கண் கலங்கியிருந்தது.

"இனிமே தொட மாட்டேன். நீ கூட இருந்தா நான் திருந்திடுவேன்."

"முதல் மாசம் நீங்க ஊட்டினதாலதான் இந்தப் பிள்ளைங்க பொரிச்சுதுங்க. அந்த நன்றி எனக்குச் சாகுற வரைக்கும் இருக்கும்," என்றாள் பொன்னலகி. "திருந்துங்க. உங்களுக்காகத் திருந்துங்க. அதுக்குக் காவல் இருக்க என்னால முடியாது. என் பிள்ளைங்களைப் பணயம் வைக்கவும் முடியாது."

கொம்பன் பறந்து போனான். ஓடைப் பக்கம் போனானா, வேறு பக்கம் போனானா என்று அவள் பார்க்கவில்லை. மனசு கனத்தது. ஆனாலும் பழம் தேடப் போனாள்.

மழை விட்ட ஒரு காலையில் இரண்டு குஞ்சுகளும் சுவரை உடைத்து வெளியே வந்து சிறகை விரித்தன. சின்னதுதான் முதலில் பறந்தது!

அடுத்த மலைக்குக் கிளம்பும் முன் பொன்னலகி செவ்வந்தியின் கிளையில் வந்து அமர்ந்தாள். "நீ இல்லேன்னா நாங்க மூணு பேரும் இல்லை, செவ்வந்தி," என்று சொல்லும்போதே குரல் உடைந்தது.

"போக்கா, அழ வைக்காதே! பழம் மரம் தந்தது. கூப்பிட்டது நீ. நான் நடுவுல ஓடினேன், அவ்வளவுதான்!" என்று செவ்வந்தி வாலால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

குடிகாரத் துணையின் குற்றத்தை மூடி மறைத்து உள்ளேயே வாடுகிறவருக்கு யாராலும் உதவ முடியாது. துணிந்து வாய்திறந்து விலகி வருகிறவருக்கு உதவ எங்கேயோ ஒருவர் இருக்கவே செய்வார்.